கிடாரம் கேட்டு வந்தவர்

வெறிகாரரோடு எப்படிக் கதைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மாங்குளத்தில் அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். மிளகாய், மல்லி, அரிசி, உளுந்து எல்லாம் அரைக்கிறோம். மெஷின் ஓடும்போது கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். பதினொரு வருடம் அப்படிக் கத்திக் கத்தி, மெஷினை நிறுத்தின பிறகும் என் குரல் இறங்குவதில்லை. தவறணையில் கள்ளைக் குடித்துவிட்டு நேரே மில்லுக்கு வந்து, தூள் குறைகிறது என்று சண்டைக்கு நிற்கிறவர்களை ஒரே அதட்டலில் சைக்கிளில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். வாய்க்காரி என்று எனக்கு ஊரில் பெயர். அதை நான் ஒரு நாளும் குறையாக எடுத்ததில்லை.

அந்த வாய் ஒரேயொரு நாள் அடைத்துப்போனது. என் மகனின் பொன்னுருக்கு அன்று, காலை ஒன்பது மணிக்கு, நூறு பேருக்கு முன்னால்.

கலியாணத்துக்குச் சில நாட்கள் முந்தி, தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, சபைக்கு முன்னால் ஆசாரியார் உருக்குவார். பெண்ணைத் தவிரப் பெண் வீட்டார் எல்லோரும் அதற்கு வருவார்கள். எங்களுக்கு வந்த சம்பந்தம் வவுனியாவில். பெண்ணின் தகப்பன் பாடசாலை அதிபர், தாய் ஆசிரியை, மாமன்மார் எல்லோரும் காற்சட்டைக்குள் சட்டை விட்டவர்கள். அவர்கள் இரண்டு வான் பிடித்து எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறார்கள். நான் ஒரு மாதமாக ஒழுங்கான நித்திரை கொள்ளவில்லை. சுவருக்குப் பெயின்ற் அடித்து, முற்றத்துக்கு மணல் பறித்து, பந்தலுக்கு வெள்ளை கட்டி, எங்களைப் பார்த்து ஒருவர் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று ஓடித் திரிந்தேன். ஐயர் குறித்துத் தந்த நேரம் ஒன்பது ஐம்பத்திரண்டில் தொடங்கிப் பத்து முப்பத்தைந்துக்கு முடிகிறது. அது தப்பினால் அடுத்த நல்ல நேரம் கலியாணத்துக்குப் பிறகுதான் வருகிறது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆசாரியார் உமிச்சட்டியை வைத்து, ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் பட்டு வேட்டியோடு வியர்த்துக்கொண்டிருந்தான். பெண் வீட்டார் கதிரைகளில் இருந்து பாதாம் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, குரலைக் கஷ்டப்பட்டு இறக்கி, "இன்னும் கொஞ்சம் குடியுங்கோ மச்சாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வீட்டுக்குப் பின்பக்கம், சமையல் நடக்கும் இடத்தில் இருந்து சத்தம் கேட்டது.

"எடு! என் கெடாரத்த எடு! இப்பவே எடு!"

குரல் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்தது. பக்கத்துக் காணிக்காரர். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு வன்னிக்கு வந்தவர். என் தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். நாட்டுச் சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது, இந்தக் காணிக்காரரின் குடும்பமும் நாங்களும் ஒரே கிழமையில்தான் பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் தறப்பாள் கட்டினோம். அதற்குப் பதினாலு வருடம். சாதாரண நாட்களில் எங்களைப் போலவே கதைப்பார். குடித்தால் மட்டும் நாக்கு மலைக்கு ஏறிவிடும்.

நான் எழுந்து ஓடினேன். எனக்குப் பின்னால் பாதிச் சபையும் வந்தது. கலியாண வீட்டில் சத்தம் கேட்டால் கதிரையில் இருக்கிறவர் யார்?

அவர் வேட்டி சட்டையோடு நின்றார். நெற்றியில் திருநீறு, தலை ஒழுங்காக வாரி இருந்தது. எங்கள் வீட்டுக்கு வரத்தான் வெளிக்கிட்டிருக்கிறார், வழியில் தவறணைப் பக்கம் கால் திரும்பிவிட்டது. அடுப்பில் அவருடைய பெரிய கிடாரம். அதற்குள் நூற்றைம்பது பேருக்குச் சாம்பார் கொதிக்கிறது. சமையற்காரர் அகப்பையைக் குறுக்கே பிடித்து மறித்துக்கொண்டிருந்தார். அவர் சமையற்காரரைத் தள்ளிவிட்டு, கிடாரத்தின் வளையத்தை வெறுங்கையால் பிடித்தார். பிடித்த கையை உதறிக்கொண்டு அலறினார். சுட்டதும் கோபம் இரண்டு மடங்காகியது. அருகில் கிடந்த விறகுக் கட்டை ஒன்றைத் தூக்கினார்.

"கெடாரத்த எடுக்க மாட்டீங்களா? அப்ப ஒடைக்கிறேன். என்னோட கெடாரம். நான் ஒடைப்பேன்!"

என் தம்பியும் மகனின் கூட்டாளிமார் மூன்று பேரும் பாய்ந்துவிட்டார்கள். தம்பி அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்தான். ஒருவன் கட்டையைப் பறித்தான். இன்னொருவன் போனைக் கையில் எடுத்து, "பொலிசுக்கு எடுக்கட்டோ?" என்று கேட்டான்.

"அக்கா, நீங்கள் உள்ள போங்கோ. இவரை நாங்கள் பாக்கிறம்" என்றான் தம்பி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "தூக்கிக்கொண்டு போய் றோட்டில போடுங்கோடா" என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லாததற்குக் காரணம் என் நல்ல மனம் இல்லை. பின்னால் சம்பந்தியம்மா நிற்கிறா. அதனால் அதைவிடக் கொஞ்சம் மரியாதையான அதட்டலைப் போட்டேன்.

"அண்ணை! என்ன வேலை இது? நல்ல காரியம் நடக்கிற வீட்டில வெறியில வந்து நிக்கிறியள். வெக்கமா இல்லையோ உங்களுக்கு?"

மில்லில் இந்த அதட்டலுக்கு எல்லோரும் அடங்குவார்கள். அவர் அடங்கவில்லை. என்னை நேராகப் பார்த்தார். கண் சிவந்து, வாய் கோணி, ஆனால் பார்வை ஆடவில்லை.

"வெக்கமா? எனக்கா தங்கச்சி வெக்கம்? எங்க வூட்டு கெடாரம் ஒங்களுக்கு வேணும். எங்க வூட்டு தேத்தண்ணி வேணாமா?"

அவர் சுட்ட கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

"பதினாலு வருஷம். ஒரு நாளு எங்க வூட்டு வாசப்படி ஏறியிருக்கீங்களா? ஒரு வாய் தண்ணி? கலியாணம் சொல்லக் கூட படலைக்கு வெளிய நின்னுதானே சொன்னீங்க? எங்கம்மா கொழுந்து பறிச்சவ. காலு பூரா அட்ட கடிச்ச தழும்பு. அவ பறிச்ச தேயிலய இந்த நாடே குடிக்குது. எம் பொண்டாட்டி ஊத்துனா மட்டும் ஒங்களுக்கு எறங்காதா?"

அப்போதுதான் என் வாய் அடைத்தது.

கலியாணம் சொல்லப் போவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து போக வேண்டும். வெற்றிலைத் தட்டத்தில் அழைப்பிதழை வைத்துக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், உள்ளே போய் இருந்து, அவர்கள் தருவதில் ஒரு வாயாவது குடித்துவிட்டு எழும்ப வேண்டும். குடிக்காமல் எழும்பினால் சொன்னதற்குச் சரியில்லை. இது எனக்குத் தெரியாததா? ஒரே நாளில் இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கினோம். தேநீர், சோடா, பால்மா கரைத்த பால், மறுபடியும் தேநீர். கடைசி வீடுகளில் தேநீர்க் கேத்தலைக் கண்டாலே என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. பக்கத்து வீடுதானே என்று இவர்கள் வீட்டைக் கடைசிக்கு விட்டோம். அண்ணை வேலிப் படலையில் கம்பி கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்கோ தங்கச்சி, உள்ள வாங்கோ. இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். அவ கேத்தலை வைச்சிட்டா" என்றார்.

"ஐயோ அண்ணை, வயிறு முட்டிப்போச்சு. நீங்கள் எங்கட ஆக்கள்தானே, உங்களுக்கும் இதெல்லாம் வேணுமே? பொன்னுருக்கில இருந்து கலியாணம் முடியும் வரைக்கும் உங்கட வீட்டில அடுப்பு மூட்டக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றேன் நான். அழைப்பிதழைப் படலைக்கு மேலால் நீட்டினேன். அதே மூச்சில், "உங்கட பெரிய கிடாரத்தையும் ஒருக்காத் தாங்கோ அண்ணை" என்று வேறு கேட்டேன். அவர் அடுத்த நாளே அதைத் தன் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு வந்து, தானே இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

வயிறு முட்டியது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளை விடுவோம். மற்றப் பதினாலு வருடமும் எனக்கு வயிறு முட்டியிருந்ததா?

வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. ஆள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளி. அதற்குள்ளால் முருங்கைக்காய் வந்திருக்கிறது, பூசணி வந்திருக்கிறது, அவர்கள் ஆடு குட்டி போட்டால் பால் வந்திருக்கிறது. பொங்கலுக்கு அவர்கள் பொங்கிக் கொடுத்துவிடும் பொங்கல் மட்டும் எங்கள் கோழிகளுக்குப் போயிருக்கிறது. காய் வாங்கினோம், கறி வாங்கவில்லை. வாங்கக்கூடாது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை. என் தாய்தகப்பன் ஒருவர் வீட்டில் குடிப்பதையும் இன்னொருவர் வீட்டில் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு சொல்வதையும் பார்த்து வளர்ந்தவள் நான். "இப்பதான் குடிச்சனான்" என்ற பொய் எனக்கு யோசிக்காமலே வாயில் வரும். கை நீட்டுவதற்கு முன்னமே அது வந்துவிடும். அவர் மனைவி எத்தனை தடவை கேட்டிருப்பா, நான் எத்தனை தடவை இப்பதான் குடித்திருப்பேன்!

இத்தனைக்கும் என் கணவரை வயலில் புடையன் பாம்பு கடித்தபோது, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பால் ஓடி வந்து, லான்ட்மாஸ்டரில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இந்த மனிசன்தான். அன்றைக்கு என் தாலி நின்றது இவரால். இன்றைக்கு மகனின் தாலிக்குப் பொன் உருக்கும் வீட்டில் இவரின் சட்டைக் கொலரை என் தம்பி பிடித்துக்கொண்டு நிற்கிறான். வெட்கம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேனே, அது என்னிடம் வந்து ஏறியது.

"கையை எடு" என்றேன் தம்பியிடம்.

"அக்கா, இவர் திரும்பவும்..."

"கையை எடு எண்டனான்! ஒருதரும் ஒருதருக்கும் போன் எடுக்கத் தேவையில்லை."

மில் குரல் திரும்பி வந்துவிட்டது. தம்பி கையை எடுத்தான். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணை, நடவுங்கோ. உங்கட வீட்டை போவம்."

"எதுக்கு?" என்றார் அவர். இப்படி ஒரு அழைப்பை எதிர்பார்க்காமல் வந்தவர் போலத் தடுமாறினார்.

"தேத்தண்ணி குடிக்க."

சபையில் சலசலப்பு எழுந்தது. என் கணவரைத் தேடினேன். சண்டை என்றால் அவரைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்தான் தேட வேண்டும், நான் முப்பது வருடமாகக் கண்ட உண்மை. "இஞ்சாருங்கோ!" என்று நான் கூப்பிட வாயைத் திறக்கும்போது அவர் வீட்டுக்குள் இருந்து வந்தார். கையில் வெற்றிலைத் தட்டம். அழைப்பிதழ், குங்குமம், பாக்கு எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். நான் சொல்லாமல் அவர் செய்த முதல் வேலை அது. அந்த நேரத்தில் எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, நூறு பேர் நின்றதால் தப்பினார்.

"அக்கா, உங்களுக்கு விசரோ? நேரம் போகுது" என்றான் தம்பி.

ஆசாரியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "பத்தரைக்கிடையில வாங்கோ பிள்ளை. அதுக்குள்ள உமி நல்லாப் பத்தியிருக்கும்" என்றார். பத்தரைக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.

இனிச் சம்பந்தியம்மா. அவவின் முகத்தில் இருந்து எதையும் வாசிக்க முடியவில்லை. ஆசிரியைமாரின் முகமே அப்படித்தான். ஒரு மாதமாக எந்த ஆட்களுக்கு முன்னால் மானம் போகக்கூடாது என்று ஓடினேனோ, அந்த ஆட்களுக்கு முன்னால் வாயைத் திறந்து சொன்னேன்: "மச்சாள், இவர் எங்கட அயலவர். வெறியில நிக்கிறார்தான். ஆனால் பிழை என்னில. நான் இவரின்ர வீட்டில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

"போயிட்டு வாங்கோ மச்சாள்" என்றா. அவ்வளவுதான்.

பொட்டுக்குள்ளால் போனால் ஒரு நிமிடம். நான் போகவில்லை. எங்கள் படலையால் வெளியே வந்து, றோட்டால் நடந்து, அவர்கள் படலையடிக்குப் போனேன். எந்த இடத்தில் நின்று அழைப்பிதழை நீட்டினேனோ, அந்த இடத்தைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, பக்கத்தில் தட்டத்தோடு கணவர், முன்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி அவர். றோட்டால் போன பஸ் ஒன்று மெதுவாகிப் பார்த்துவிட்டுப் போனது.

அவர் மனைவி வாசலில் கதிரை போட்டு இருந்தா. புதுச் சேலை உடுத்து, பூ வைத்து, வெளிக்கிட்டு இருந்தா. வருவதா விடுவதா என்று விடியற்காலையில் இருந்து அப்படியே இருந்திருக்கிறா. எங்களைக் கண்டதும் பதறி எழுந்தா.

"ஐயோ தங்கச்சி, இந்த மனுசன் அங்க வந்து என்ன செஞ்சாரு? நான் போகவேணாம், போகவேணாம்னு..."

"அவர் ஒண்டும் செய்யேல்லை அக்கா. கேத்தலை வையுங்கோ. தேத்தண்ணி குடிக்க வந்தனாங்கள்."

அவ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குள் போனா.

பதினாலு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் இருந்தேன். எங்கள் வீட்டைப் போலவே வீடு. அதே வீட்டுத்திட்டம், அதே இரண்டு அறை, அதே இடத்தில் யன்னல். சாமிப்படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு அட்டை நிமிர்த்தி வைத்திருந்தது. மூலைகளில் மஞ்சள் பூசியது. என் மகனின் கலியாண அழைப்பிதழ். நான் படலைக்கு மேலால் நீட்டியதைக் கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். தேநீர் வர முந்தியே அழுதுவிடுவேனோ என்று பயந்து, சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தேநீர் வந்தது. பித்தளைத் தட்டில் இரண்டு கண்ணாடிக் கிளாஸ், இஞ்சி மணத்தோடு, ஆவி பறந்தது. நான் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கதிரையில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, நல்ல குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

என்ன செய்வது? பட்டுச் சேலையோடு பந்தலை விட்டு வந்து, நூறு பேரைக் காக்க வைத்து, இவருக்காக ஒரு தேநீர் குடிக்க வந்தால் மனிசன் நித்திரை. நான் குடித்துவிட்டுப் போகலாம். நாளைக்கு இவர் எழும்பி, குடித்ததை யார் கண்டது என்று கேட்டால்?

"நீங்க குடிங்க தங்கச்சி. ஆறிரும். அவரு இனி பின்னேரம்தான் முழிப்பாரு" என்றா மனைவி.

"மாட்டன் அக்கா. அவர் பாக்கவேணும்."

முதலில் என் கணவர் தோளைத் தட்டினார். குறட்டை மாறவில்லை. மனைவி உலுக்கினா. கையை மட்டும் அசைத்து முகத்தில் மொய்க்கும் இலையானைக் கலைப்பது போலக் கலைத்தார். மணி ஒன்பது முப்பத்தைந்து. நான் கிளாஸைத் தட்டில் வைத்தேன். எழுந்து நின்றேன். மூச்சை இழுத்தேன். இரண்டு மெஷின் ஓடும்போது கடைசி வரிசையில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரலில் ஒரு சத்தம் போட்டேன்.

"அண்ணை! எழும்புங்கோ! நான் தேத்தண்ணி குடிக்கப்போறன்!"

எங்கள் பந்தலில் இருந்தவர்களுக்கு அது சொல்லுக்குச் சொல் கேட்டதாம். சபை முழுக்கச் சிரித்ததாம். ஆசாரியார்கூட ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். இங்கே அவர் கண்ணைப் பாதி திறந்தார். திரும்ப மூடப் பார்த்தார். மனைவி நல்ல பெண்சாதி, தயாராகச் செம்பில் தண்ணீரோடு நின்றா. முழுச் செம்பையும் தலையில் கவிழ்த்தா.

அவர் நிமிர்ந்து இருந்தார். தண்ணீர் மூக்கால் வடிந்தது. நான் அவருக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். கிளாஸை எடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். கொதி ஆறவில்லை, உதடு சுட்டது. சீனி என்றால் சீனி, கரண்டி நிமிர்ந்து நிற்கும். நான் மிச்சம் வைக்கவில்லை. அடிவரை குடித்து, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"எறங்குதா?" என்றார் அவர், சின்னக் குரலில்.

"இறங்குது அண்ணை. சீனிதான் கூட. அக்கா, எனக்கு இன்னொண்டு ஊத்துங்கோ, சீனி குறைச்சு."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. முகத்தில் ஏற்கனவே தண்ணீர். இரண்டாவது கிளாஸையும் குடித்தேன். என் கணவரும் தன் பங்குக்கு இரண்டு குடித்தார். பிறகு இரண்டு பேரும் எழுந்து நின்று, தட்டத்தை அவர்களுக்கு முன்னால் நீட்டி, முறைப்படி சொன்னோம்.

"எங்கட மகனுக்குக் கலியாணம் வைச்சிருக்கிறம். நீங்கள் ரெண்டு பேரும் வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

மனைவி இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கினா. அவர் "நடத்திருவோம், நடத்திருவோம்" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் நித்திரையாகிவிட்டார். இந்த முறை நான் எழுப்பவில்லை.

பத்து மணிக்கு அவவைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தேன். முன்வரிசையில், சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். அது என் கதிரை. நான் நின்றேன். மகன் பொன்னை எடுத்து ஆசாரியாரின் கையில் கொடுத்தான். அவர் குழலால் ஊத ஊத உமி சிவந்தது, பொன் இளகியது, இளகி ஒரு முத்துப் போல உருண்டு நின்றது. நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. சாம்பாரும் பழுதில்லை. எனக்கு அன்றைக்கு வயிறும் நிறைந்திருந்தது, நெஞ்சும் நிறைந்திருந்தது. அவ்வளவு பெரிய வெற்றியை நான் மில் தொடங்கின நாளில்கூடக் கண்டதில்லை.

வானில் ஏறும்போது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்தா. "நீங்கள் பெரிசாச் சத்தம் போடுவியள் எண்டு கேள்விப்பட்டனாங்கள் மச்சாள். ஆனால் ஒரு தேத்தண்ணிக்காகப் போடுவியள் எண்டு ஒருதரும் சொல்லேல்லை" என்றா. அப்போதுதான் அவ சிரித்ததை முதலில் கண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இது ஒரு பெருமைக் கதையாக மட்டும் இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை, மில் திறக்கப் போவதற்கு முந்தி, கிணற்றடியில் கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிப் பொட்டில் அவர் வந்து நின்றார். முழுத் தெளிவு. குளித்து, சவரம் செய்து, வலது கையில் துணி சுற்றியிருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"தங்கச்சி, நேற்று நான் அங்க வந்து ஏதும் பிழையாக் கதைச்சனானோ? அவ கேட்டால் ஒண்டும் சொல்லுறா இல்லை, சிரிக்கிறா. கையும் சுட்டுக்கிடக்கு. எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை."

"நீங்கள் கதைச்சதில ஒரு பிழையும் இல்லை அண்ணை. குடிச்சுப்போட்டு வந்து கதைச்சதுதான் பிழை. இனி எண்டால் வெறியில்லாமல் வந்து கதையுங்கோ. அதுசரி, நான் உங்கட வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சதும் ஞாபகம் இல்லையோ?"

அவர் தலையை நிமிர்த்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சோகமாகச் சிரித்தார்.

"சும்மா பகிடி விடாதேங்கோ தங்கச்சி."

அவர் கோபப்படவில்லை. கேலியும் செய்யவில்லை. நடக்க முடியாத ஒன்றை நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று உண்மையாகவே நம்பினார். நேற்று அவர் போட்ட சத்தத்தைவிட அந்த அமைதியான சொல் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. நேற்று சபை இருந்தது, சம்பந்தி இருந்தா, நல்ல நேரம் இருந்தது, காரியம் குழம்பக்கூடாது என்ற அவசரம் இருந்தது. இன்றைக்கு ஒருவரும் இல்லை. மில்லில் மிளகாய் மூட்டைகள் காத்திருந்தன.

கிடாரத்தைக் கல்லில் கவிழ்த்தேன். கையைச் சட்டையிலே துடைத்தேன். குனிந்து பொட்டுக்குள்ளால் போனேன். முள்ளுக்கம்பியில் சட்டை கொழுவிக் கிழிந்தது, கிழியட்டும் என்று விட்டேன்.

"அக்கா! கேத்தலை வையுங்கோ!" என்று குசினியைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் எனக்குப் பின்னால் ஓடி வந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார். எனக்கு முன்னால் இருந்து, நான் குடித்து முடிக்கும் வரை கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மிடறையும் விழுங்கிவிட்டு, வெறும் கிளாஸை அவர் கையில் கொடுத்தேன்.

"நாளைக்கும் மறந்தியளெண்டால் சொல்லுங்கோ அண்ணை" என்றேன். "திரும்பவும் வாறன்."